முகம் மட்டும் போதும் என்றார்கள்

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு ஒன்றே காலுக்கு. டப்பாவைத் திறந்த ஐந்தாவது நிமிடம் ஓதல் தொடங்கிவிடும்.

எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி கோட்டைப்பட்டினத்துப் பெண். அவள்தான் செல்போனைப் பார்த்துக் கேள்விகளை வாசிப்பாள். கேள்வி ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி இருக்கும். அவள் அதைத் தமிழில் அரை வரியாக்கிவிடுவாள். அவள் அடுத்த மூச்சு வாங்குவதற்குள் மற்றவர்கள் விடையின் முதல் வார்த்தையைக் கத்த வேண்டும். அதுதான் விதி.

"ஒரு கம்பெனிக்கு ரெண்டு ஊர்ல ஆபீஸ் இருக்கு..."

"கேட்வே!"

"பண்டிக நாள்ல மட்டும் கூட்டம் வருது..."

"ஆட்டோ!"

"பழைய ஃபைல வருசத்துக்கு ஒரு தடவதான் எடுக்குறாங்க..."

"ஆர்க்கைவ்!"

பத்து வாய்கள். எல்லா வாயிலும் சோறு. ஒரு நாள் 'ஆர்க்கைவ்' என்ற சத்தத்தோடு எலுமிச்சைச் சாதப் பருக்கை ஒன்று பறந்து வந்து என் டப்பாவின் மூடியில் ஒட்டியது. மஞ்சளாக, ஈரமாக. நான் மூடியைத் துடைக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு எழுந்தேன்.

"ஏன்டீ, நீயும் கத்துனா என்ன, நாக்கு தேஞ்சிருமா?" என்றாள் கோட்டைப்பட்டினத்துக்காரி.

"எனக்கு வேணாம்."

"கலெக்டரம்மாவுக்குப் புடிக்கலையாம். ஒதுங்குங்கப்பா, வழி விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாய்களிலும் சோறுதான்.

அலுவலகம் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருக்கிறது. முதல் மாடியில் பில்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் பிரிவு. வெளிநாட்டுக் கடைகளின் பில்கள்: யாரோ வாங்கிய நாய் பிஸ்கட், யாரோ வாங்கிய செருப்பு. அதை எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் எரிச்சலும் மூளையில் மந்தமும்தான் மிஞ்சும். இரண்டு வருடம் அங்கே இருந்தேன். இரண்டாவது மாடியில் கண்காணிப்புப் பிரிவு. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் தங்கள் கட்டடத்தில் வைக்காமல் வாடகைக்கு எடுத்து எங்கேயோ ஓட்டுகின்றன. அந்தக் கணினிகள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, வாரத்தில் ஆறு நாள். மேலே வருவதற்கு நான் மூன்று முறை உள்தேர்வு எழுதினேன். அந்த ஒரு மாடி ஏற எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அப்படி ஏறி ஏழு மாதம் கூட ஆகவில்லை. ஒரு புதன்கிழமை எங்கள் டீம் லீடர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: மூன்று வாரத்துக்குள் பதினொரு பேரும் இந்த வாடகைக் கணினி வேலைக்கான கிளவுட் சர்டிபிகேட் வாங்கியாக வேண்டும், வாடிக்கையாளர் கேட்கிறார், வாங்காதவர்கள் கீழ்மாடிக்குத் திரும்பிவிடலாம். அன்று மதியமே குரூப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. நானூறு கேள்விகள், நானூறு விடைகள். ஏற்கெனவே தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தவை என்றார்கள். டம்ப் என்பது அதன் பெயர். குப்பை கொட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே வார்த்தைதான். யாருக்கும் அது உறுத்தவில்லை.

நான் அதைத் திறக்காமலே அழித்தேன். நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை பார்க்கிறார், மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில். அம்மாவுக்கு இன்றைக்கும் கைநாட்டுதான். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் எடுத்தேன். ஆனால் அந்த வருடம் கணக்குப் பரீட்சையில், எங்கள் ஹாலில் கண்காணிப்புக்கு நின்றவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மதிப்பெண் கேள்விகளின் விடைகளை வரிசையாகச் சொன்னார். பள்ளியின் தேர்ச்சி விகிதத்துக்காக. ஹால் முழுக்கப் பேனாக்கள் ஓடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பதினைந்தையும் நான் எழுதி முடித்திருந்தேன். அதை யாரிடம் நிரூபிப்பது? முடிவு வந்தபோது ஊரில் சொன்னார்கள்: "அதான் உள்ளயே சொல்லிக்குடுத்தாங்களாம்ல." அந்தப் பதினைந்து மதிப்பெண்ணை என்னுடையது என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல என்னால் முடியவே இல்லை. என் முதல் சான்றிதழிலேயே அடுத்தவர் எச்சில் பட்டுவிட்டது.

இந்தச் சர்டிபிகேட்டிலாவது எச்சில் படக்கூடாது. மூன்று வாரத்தில், என் மண்டையை வைத்து, நானே எழுதி வாங்க வேண்டும். இல்லையென்றால் நாய் பிஸ்கட் பில்லுக்குத் திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

படிக்க நேரம் எங்கே என்று பார்த்தேன். எங்கள் ஊர் கறம்பக்குடிக்கு இந்தப் பக்கம். காலை ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்தால் ஏழுக்குள் இருக்கையில் உட்காரலாம். அந்த ஒன்றே கால் மணி நேரம் என்னுடையது. ஆனால் அந்தப் பேருந்து இருக்கிறதே! சந்தைக்குப் போகும் பூ மூட்டைகள் நடைபாதை முழுக்க. பூ என்றால் மணக்கும் என்று நினைப்பீர்கள். முந்தின நாள் பறித்து, தண்ணீர் தெளித்து, சாக்கில் திணித்த சம்பங்கி விடியற்காலையில் அழுகிய வாடை அடிக்கும். ஓட்டுநர் குத்துப்பாட்டை உச்சத்தில் வைப்பார். ஆலங்குடி வருவதற்குள் யாராவது ஒருவர் ஜன்னல் வழியே வாந்தி எடுத்திருப்பார். காற்று அதில் கொஞ்சத்தைப் பின் இருக்கைக்குத் திருப்பி அனுப்பும். பின் இருக்கையில் நான்.

நடுவில் தைலமரக்காட்டில் போனுக்கு சிக்னல் போய்விடும். அதனால் இணையத்தில் கிடைக்கும் பாடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வேன். கால்களுக்கு நடுவில் பூ மூட்டை, மடியில் நோட்டு, காதில் பாடம். ஒரு கணினி நின்றால் இன்னொன்று எப்படி எடுத்துக்கொள்கிறது, எந்தத் தகவலை எங்கே வைத்தால் எவ்வளவு நேரத்தில் திரும்ப எடுக்கலாம் என்று படம் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். பேருந்து குலுங்கி என் கோடுகள் எல்லாம் கோழி கிளறியதுபோல இருக்கும். எனக்குப் புரிந்தால் போதும்.

இரண்டாவது நேரம் மதியச் சாப்பாடு. பருக்கை பறந்து வந்த நாளிலிருந்து நான் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அங்கே ஏன் வேறு யாரும் உட்காருவதில்லை என்றால், அதை ஒட்டித்தான் கழிவறை. கதவு சரியாக மூடாது. பினாயிலும் மூத்திரமும் கலந்த ஒரு புளித்த வாடை படியேறி வந்து தயிர்ச்சாதத்தில் உட்காரும். முதல் நாள் இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. நான்காம் நாள் முழு டப்பாவையும் சாப்பிட்டேன். வாடை பழகிவிட்டது என்பதுதான் எனக்கு வாடையைவிட அருவருப்பாக இருந்தது.

அங்கேயும் ஒரு சிக்கல். எங்கள் பிரிவில் எந்நேரமும் ஒரு காது திறந்திருக்க வேண்டும். எங்காவது கணினி நின்றால் சைரன் போல ஒன்று அலறும். ஐந்து நிமிடத்துக்குள் இருக்கைக்கு ஓட வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டக்கூடாது. சாப்பாட்டு அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில், மேலே ஒரு வென்டிலேட்டர். வலது காதில் என் பாடம். இடது காதில், வென்டிலேட்டர் வழியாக, தினமும் நாற்பது நிமிடம்:

"கேட்வே!"

"ஆட்டோ!"

"ஆர்க்கைவ்!"

அப்போது அதை வெறும் இரைச்சல் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது வாரம் முடியும் சனிக்கிழமை விடியற்காலை, ஊர் முக்கத்தில் பேருந்துக்கு வந்து நின்றேன். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே ஒரு ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் என் மாமா மகளுக்குக் காதுகுத்து. நடுவில் கிரீடம் வைத்த குழந்தை. சுற்றிலும் சொந்தக்காரர்களின் முகங்கள், பெயருக்குப் பின்னால் படிப்பும் வேலையும். இடது மூலையில் ஒரு வட்டத்துக்குள் நான். கீழே எழுதியிருந்தது: 'சர்வதேச கிளவுட் தேர்வில் வெற்றி வாகை சூடிய எங்கள் குலவிளக்கு'.

மாமா ஏணியின் மேல் நின்று கடைசிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன இது?"

"ஒன் போட்டோதான்த்தா. சேல கட்டுன போட்டோ கெடைக்கல, காலேஜ் ஐடி கார்டுல இருந்து எடுத்துப் போடச் சொன்னேன். கொஞ்சம் கலரு ஏத்திட்டான்."

"நான் இன்னும் பரிச்சையே எழுதலயே மாமா!"

"எழுதத்தான போற?"

"எழுதுனா பாஸாயிருவேன்னு யாரு சொன்னா?"

"அட என்னத்தா நீ. நாளைக்குக் காதுகுத்து. நீ எழுதி முடிக்கிற வரைக்கும் புள்ள காதப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்குமா? ரெண்டு தடவ ஃபிளெக்ஸ் அடிக்க முடியுமா? பத்தாவதுலயே ஸ்கூல் பஸ்ட்டு வந்தவ, இதுல போயி கோட்ட விட்ருவியாக்கும்." பிறகு கீழே நின்றவரிடம், "அங்கிட்டு இழுப்பா, மருமக மூஞ்சி சுருங்குது" என்றார்.

பேருந்து வந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் என் முகம் ரோஸ் நிறத்தில் பளபளத்தது. அது என் நிறமே இல்லை. எழுதாத பரீட்சையில் பாஸான, என் நிறம் இல்லாத ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை நாள், விசேஷத்துக்குப் போகவில்லை. வந்தவர்கள் எல்லாம் அம்மாவிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்து அதை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அதே வாரம் அலுவலகத்தில் முதல் மூன்று பேர் டம்ப்பை நம்பித் தேர்வு எழுதினார்கள். இரண்டு பேர் ஃபெயில். டீம் லீடருக்கு வேர்த்துவிட்டது. திங்கட்கிழமை வேறொரு ஏற்பாட்டோடு வந்தார். தேர்வை அவருடைய கண்ணாடி அறையிலேயே எழுதலாம். கேமரா வழியாக எங்கிருந்தோ ஒருவர் கண்காணிப்பார், ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். விடைகளை வெளியூரில் இருக்கும் ஓர் ஆள் தன் இடத்திலிருந்தே போட்டுவிடுவார்.

"நீங்க மொகத்த மட்டும் குடுத்தாப் போதும்மா" என்றார். "ஒக்காந்து யோசிக்கிற மாதிரி இருங்க. சிரிச்சிராதீங்க."

முதலில் உட்கார்ந்தது கோட்டைப்பட்டினத்துக்காரி. கண்ணாடி அறையின் கீழ்ப்பாதியில்தான் ஸ்டிக்கர், மேல்பாதி தெரியும். என் இருக்கையிலிருந்து பார்த்தால் அவள் தலையும் திரையின் ஓரமும். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு விடையைத் தொட்டது, யோசித்தது, அடுத்ததைத் தொட்டது. அவள் தோள்கள் அசையவே இல்லை. முகம் மட்டும் வேலை செய்தது. புருவத்தைச் சுருக்கினாள். உதட்டைக் கடித்தாள். மோவாயைத் தூக்கி மேலே பார்த்துக் கணக்குப் போடுவதுபோல் இமைகளை அடித்தாள். தலைக்குக் குளித்து, புதுச் சுடிதார் போட்டு வந்திருந்தாள். நான் என் திரைக்குத் திரும்பினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். கைதட்டினார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கழுத்து புடிச்சுக்கிச்சுடீ. யோசிக்கிற மாதிரியே இருக்குறது லேசுன்னு நெனச்சியா? நெசமா யோசிச்சுட்டா வலிக்காது போல." அவளே சிரித்தாள். பிறகு குரலைத் தணித்து, "நீயும் ஒக்காந்துரு. நல்லா எழுதறவன்தான். தொண்ணூறுக்கு மேல போட்டிருக்கான் எனக்கு" என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

அன்று மாலை திரும்பும் பேருந்தில், ஆலங்குடி வரைக்கும் நானும் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள். ஒரு தடவை முகத்தைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஃபிளெக்ஸ் பொய்யாகாது, அம்மா கொடுத்த காபி வீணாகாது, கீழ்மாடி கிடையாது. முகத்தைத்தான் ஏற்கெனவே மாமா எடுத்துக்கொண்டாரே, மிச்சமிருப்பதை இவர் எடுத்துக்கொள்ளட்டும். இப்படி நினைத்தபோது என் புருவம் தானாகச் சுருங்கியிருப்பதை ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். கோட்டைப்பட்டினத்துக்காரியின் அதே சுருக்கம். துப்ப வேண்டும் போல இருந்தது. ஜன்னலைத் திறந்து துப்பினேன்.

மறுநாள் செவ்வாய், எனக்கு விடுமுறை. அதற்கடுத்த செவ்வாய்க்குத் திருச்சியில் ஒரு தேர்வு மையத்தில் இடம் பிடித்தேன். கெடு முடிவதற்கு அதுதான் கடைசி நாள். புதன்கிழமை டீம் லீடரிடம் சொன்னேன்.

"இங்கயே ஏற்பாடு இருக்கே, எதுக்கும்மா திருச்சி?"

"அங்க எழுதுறேன் சார்."

"பன்னெண்டு மணி நேரம் வேல பாத்துட்டு எப்பப் படிச்சீங்க?"

"படிச்சிருக்கேன் சார்."

"ஃபெயிலாயிட்டா கீழதான். எனக்கு உங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல, ஆனா கீழதான். தெரியும்ல?"

"தெரியும் சார்."

நாற்காலியில் சாய்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "கௌரவமாக்கும்?"

"ஆமா சார்."

"கௌரவத்த வெச்சு சர்வர் ஓடாதும்மா."

"சரிங்க சார்" என்று வெளியே வந்தேன்.

தேர்வன்று மையத்தில் வளையலைக் கழற்றச் சொன்னார்கள், சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னார்கள், காதோரம் முடியை ஒதுக்கச் சொன்னார்கள். எனக்கு அது அவமானமாகவே இல்லை. இன்னும் நன்றாகத் தேடுங்கள், என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

அறுபத்தைந்து கேள்விகள். முதல் பதிமூன்றும் சுகமாகப் போயின. யோசித்தேன், சந்தேகப்பட்டேன், திரும்பப் படித்தேன், போட்டேன். கழுத்து வலிக்கவில்லை. பதினான்காவது கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு இரண்டு ஊர்களில் அலுவலகம் இருக்கிறது...

"கேட்வே!"

காதுக்குள் யாரோ கத்தியதுபோல் இருந்தது. நான் இரண்டாவது வரிக்குக்கூடப் போகவில்லை. அந்தப் பத்து வாய்களும், அந்த எலுமிச்சைச் சாதமும், கழிவறை வாடையோடு சேர்ந்து அந்தக் குளிர்ந்த அறைக்குள் வந்துவிட்டன. இடது காது வழியாக மூன்று வாரமாகச் சொட்டிச் சொட்டி உள்ளே இறங்கியிருக்கிறது. நான் அழித்த பிடிஎஃப் என் மண்டைக்குள் இருந்தது. திறக்காமலே படித்திருக்கிறேன்.

அங்கேயே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சத்தம் கேட்கிற கேள்வி வந்தால், விடைகள் இருக்கும் பகுதியை உள்ளங்கையால் மறைக்க வேண்டும். கேள்வியைக் கடைசிப் புள்ளி வரை படிக்க வேண்டும். பேருந்தில் போட்ட படத்தை மனதில் திரும்பப் போட வேண்டும். விடை எனக்குள் முழுதாக வந்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். நேரம் தின்னும். தின்னட்டும்.

மொத்தம் பதினொரு கேள்விகளில் அந்தச் சத்தம் வந்தது. பதினொரு முறை கையால் மறைத்தேன். பத்து முறை என் படமும் அவர்கள் கூச்சலும் ஒரே இடத்துக்கு வந்து நின்றன. அந்தப் பத்து முறையும், சொந்த வீட்டுக்குள் அடுத்தவர் செருப்போடு நுழைந்ததுபோல் கூசியது.

ஒன்று மட்டும் மாறியது. ஒரு நிறுவனம் தன் பழைய கோப்புகளை ஆண்டுக்கு ஒருமுறைதான் எடுக்கிறது. 'ஆர்க்கைவ்!' என்றது காது. நான் படித்துக்கொண்டே போனேன். கடைசி வரியில் இருந்தது: ஆனால் எடுக்கக் கேட்டால் அந்த நொடியே கையில் கிடைக்க வேண்டும். ஆர்க்கைவ் என்பது குறைந்த வாடகைக்கு மூட்டை கட்டி மூலையில் போடுவது. கேட்டால் வெளியே எடுக்கவே மணிக்கணக்காகும். டம்ப்பில் இருந்தது பழைய கேள்வியாக இருக்கலாம், அல்லது அதிலும் இந்தக் கடைசி வரி இருந்து அவர்கள் அதுவரை போகாமல் இருந்திருக்கலாம். நான் வேறு விடையைப் போட்டேன். அந்த மூன்று வாரத்தில் நான் சந்தோஷப்பட்ட நேரம் என்றால் அந்த ஒரு சொடுக்குதான்.

முடித்ததும் திரையில் 'பாஸ்' என்று வந்தது. அங்கிருந்த பெண் வாழ்த்துச் சொல்லி ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தாள். தேர்ச்சிக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் மேலே என் மதிப்பெண். ரொம்ப மேலே இல்லை. புதுக்கோட்டைப் பேருந்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பத்துக் கேள்விகளைக் கழித்தால் நான் பாஸா? எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று அவர்கள் சொல்வதில்லை, அதனால் கணக்கு முடியவில்லை. கீரனூர் தாண்டியும் முடியவில்லை. பத்தாவதில் பதினைந்து. இங்கே பத்து. அப்போதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது, இப்போதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அப்போதும் யாரோ பக்கத்தில் நின்று கத்தினார்கள்.

அம்மாவுக்கு போன் செய்தேன். "பாஸாயிட்டேன்மா."

"அதான் போர்டுலயே போட்டுருக்காமே" என்றாள் அம்மா. "வரும்போது பால் பாக்கெட்டு வாங்கிட்டு வாத்தா."

மறுநாள் டீம் லீடர் என் தாளை வாங்கிப் பார்த்தார். "சூப்பர்ம்மா. கௌரவம் பாஸாயிருச்சு" என்று சிரித்தார். அடுத்த வார்த்தை: "எத்தன கேள்வி ஞாபகம் இருக்கு? சூடு ஆறுறதுக்குள்ள எழுதி எனக்கு அனுப்புங்க. அடுத்த மாசம் ஆறு பேரு எழுதணும்."

அந்தப் பிடிஎஃப் எப்படிப் பிறக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்படித்தான். ஒவ்வொருவரும் உள்ளே போய்த் தின்றுவிட்டு வந்து, கக்கிக் கொடுக்கிறார்கள். அடுத்தவர்கள் அதைத் தின்கிறார்கள்.

"ஒண்ணுமே ஞாபகம் இல்ல சார்" என்றேன். அறுபத்தைந்தில் அறுபது கேள்வியாவது அப்படியே ஞாபகத்தில் இருந்தது.

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல சார். எழுதிட்டு மறந்துட்டேன்."

நம்பவில்லை. விட்டுவிட்டார். மதியம் குரூப்பில் ஒரு படம் வந்தது. பதினொரு முகங்கள், பதினொரு சர்டிபிகேட்டுகள், மேலே பூங்கொத்து. நான் ஆறாவது, கோட்டைப்பட்டினத்துக்காரிக்கும் முதலில் ஃபெயிலாகிப் பிறகு முகம் கொடுத்துப் பாஸான இன்னொருத்திக்கும் நடுவில். வாடிக்கையாளர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரியில் நன்றி அனுப்பியிருந்தார். அந்தப் படத்தில் என் முகத்தை மட்டும் தனியாகக் காட்டும் எதுவும் இல்லை. என் இருக்கை மேல்மாடியிலேயே இருந்தது. அதைத்தானே கேட்டேன், கிடைத்தது.

மாமாவுக்கு ஏகப்பட்ட பெருமை. "பாத்தியா? நான் முன்னாடியே அடிச்சேன்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். காதுகுத்து முடிந்ததும் ஃபிளெக்ஸை அவிழ்த்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மழை வரும் போல இருந்ததால் அம்மா அதை எடுத்து, மாட்டுக்குக் குவித்து வைத்திருந்த கடலைக்கொடிப் போரின் மேல் போட்டுச் செங்கல் வைத்தாள். ரோஸ் நிறத்தில் நான் தலைகீழாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காக்கை உட்கார்ந்து அசிங்கம் செய்கிறது. அதை யாரும் கழுவுவதில்லை, நானும் கழுவவில்லை.

அடுத்த மாதம் புதியவர்கள் ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு கோட்டைப்பட்டினத்துக்காரிக்கு. இரண்டு மணி நேரம் புருவம் சுருக்கியதற்குக் கிடைத்த பொறுப்பு. முதல் நாள் சாப்பாட்டுக்கு முன்னால், சுடிதார்த் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்கு வந்தாள்.

"எப்படிடீ இங்க ஒக்காந்து திங்கிற? சீ."

"பழகிருச்சு."

"ஒண்ணு கேக்கணும். அந்தப் பழைய ஃபைல் கேள்வி ஒனக்கு வந்துச்சா? ஒரு புள்ள சந்தேகம் கேக்குது. ஆர்க்கைவ்தான?"

"கேள்விய முழுசாப் படிக்கச் சொல்லு. கடைசி வரி வரைக்கும்."

"அதுக்கெல்லாம் நேரம் எங்கடீ இருக்கு, நானூறு இருக்கு. வெடைய மட்டும் சொல்லு."

"படிச்சா வெட வரும்."

"ஒனக்குத் தெரியும். சொல்ல மாட்ட. அப்படித்தான?"

"ஒக்காரு. படம் போட்டுக் காட்டுறேன். பத்து நிமிசம் ஆகும்."

அவள் கழிவறைக் கதவைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "போடீ, ஒன் பெரும ஒன்னோட" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

நான் டப்பாவைத் திறந்தேன். இந்தத் தேர்வுக்கு மேலே இன்னொன்று இருக்கிறது, இதைவிடக் கடினம். எங்கள் அலுவலகத்தில் யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் அதற்கு இங்கே டம்ப் கிடையாது. அதன் முதல் பாடத்தை வலது காதில் வைத்தேன். இடது காது விதிப்படி திறந்திருந்தது.

வென்டிலேட்டர் வழியாக அவள் குரல் வந்தது. "பழைய ஃபைல வருசத்துக்கு ஒரு தடவதான் எடுக்குறாங்க..."

ஆறு புது வாய்கள், சோற்றோடு: "ஆர்க்கைவ்!"

"இன்னும் சத்தமா!" என்றாள்.